இரும்பு விட்ட பூ

அணி என்பது கவிதைக்கு வெளியிலிருந்து ஒட்டப்படும் சரக்கு. பிய்த்தெடுத்தால் கவிதைக்கு நஷ்டமில்லை. நஷ்டம் உண்டென்றால் அது அணியே இல்லை. இப்படி ஒரு வாக்கியத்தை இதே பக்கங்களில் நான் எழுதியிருக்கிறேன். எழுதியபோது சரியாகத்தான் பட்டது. இரண்டு நண்பர்கள் பாராட்டிக் கடிதமும் போட்டார்கள். மூன்றாமவர் கடிதம் போடவில்லை. கனமான ஒரு அருங்காட்சியகப் படத்தொகுப்பைத் தபாலில் அனுப்பிவைத்தார். நடுவில் ஒரு பக்கத்தில் பழைய பேருந்துச் சீட்டு ஒன்றைச் செருகியிருந்தார். அந்தப் பக்கத்தில் வட்டமான ஒரு இரும்புத் தகடு. கறுத்து, சுத்தியல் பட்ட தழும்புகளோடு, கடப்பைக் கல்லில் செய்ததுபோல் இருந்தது. ஓரமாக ஐந்திதழ்ப் பூ ஒன்று. அந்தப் பூவைச் செதுக்கவில்லை, வெட்டி எடுத்திருந்தார்கள். இரும்பு இல்லாத இடம்தான் பூ. அதன் வழியாகப் பின்னாலிருந்த வெள்ளைத் துணி தெரிந்தது.

நண்பர் கேட்க விரும்பியது புரிந்தது. இந்த அணியைப் பிய்த்தெடு பார்ப்போம் என்கிறார். ஏற்கெனவே பிய்த்தெடுத்ததுதானே அது.

அன்றிலிருந்து இரண்டு வருஷமாக, பாங்க் வேலை போக மிஞ்சிய நேரத்தில், ஜப்பானிய வாள் அணிகலன்களைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்து வருகிறேன். இது அந்தப் படிப்பின் கணக்கு. என் வாக்கியத்தைப் பற்றிய கணக்கும்தான்.

முதலில் பொருளைச் சொல்லிவிட வேண்டும். ஜப்பானிய வாளில் அலகும் கைப்பிடியும் சந்திக்கும் இடத்தில் ஒரு தகடு உண்டு. ஏழெட்டு சென்டிமீட்டர் குறுக்களவு, சுமார் அரை சென்டிமீட்டர் கனம். கை வழுக்கி அலகின்மேல் போகாமல் தடுக்கும், எதிராளியின் அலகிலிருந்து விரல்களை ஓரளவு காக்கும், வாளின் பாரத்தைக் கைப்பக்கமாக இழுத்து நிறுத்தும். சுனாமி என்று எழுதுகிற நியாயப்படி இதன் பெயரை சுபா என்று எழுத வேண்டும். எழுதினால் யாரோ ஒரு பெண்ணைப் பற்றிய கட்டுரையாகிவிடும் என்பதால் ட்சுபா என்று வைத்துக்கொள்கிறேன். நடுவில் அலகின் வால் நுழைய ஒரு துளை. பலவற்றில் அதன் இருபுறமும் இன்னும் இரண்டு துளைகள்: உறையின் பக்கவாட்டில் செருகிய சிறுகத்திக்கு ஒன்று, கோகாய் என்ற கூந்தல் கோதும் ஊசிக்கு ஒன்று. கைப்பிடியின் இரு முனைகளிலும் பூண்கள். கைப்பிடியைச் சுற்றிய நாடாவுக்கு அடியில், பக்கத்துக்கு ஒன்றாக, விரல் நீளச் சிற்பங்கள் இரண்டு, அவை மெனுகி. அலகு அடிக்கிற கொல்லர் வேறு, இவற்றைச் செய்கிறவர் வேறு. கைப்பிடியில் உள்ள ஒரு மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் எல்லாம் தனித்தனியாகக் கழன்று வந்துவிடும். ஒரே அலகு காலத்துக்கேற்ப, சமயத்துக்கேற்ப வேறு வேறு அணிகலன்களை மாற்றிக்கொள்ளும்.

இதைப் படித்தபோது என் வாக்கியத்துக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டதாக ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். கழற்றலாம், அலகுக்கு நஷ்டமில்லை. ஆனால் எல்லாவற்றையும் கழற்றிய வாளைக் கையில் பிடிக்க முடியாது. சாட்சி அங்கேயே பிறழ்ந்துவிட்டது.

பழைய ட்சுபாக்கள் மெல்லியவை, அகன்றவை, கையெழுத்தில்லாதவை. வாளடித்த கொல்லர்களும் கவசம் செய்தவர்களும் தங்கள் வேலையோடு வேலையாகச் செய்தவை என்று சேகரிப்பாளர் மரபு இவற்றை இரண்டாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறது. பெயரை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். தகட்டில் எதுவும் எழுதியில்லை. மேற்பரப்பில் அலங்காரம் கிடையாது. எங்கோ ஓரத்தில் சின்னதாக ஒன்றோ இரண்டோ வெட்டு. செர்ரிப் பூ, பிளம் பூ, காளான். நிழல் வெட்டு என்று அர்த்தம் வரும் ஒரு பெயரால் இந்த முறையை அழைக்கிறார்கள். பின்னால் வந்த கியோட்டோ, ஓவாரிப் பட்டறைகள் முறையைத் தலைகீழாக்கின: பூவை விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டி எடுத்தன. தகடு ஜன்னல் கம்பிபோல ஆயிற்று. அழகுதான். எனக்கு முந்தியதுதான் பெரிது.

காளானைப் பற்றி ஒரு வார்த்தை. 1467இலிருந்து 1477 வரை நடந்த ஓனின் போரில் கியோட்டோ நகரம் பெரும்பாலும் எரிந்து போயிற்று. அதற்குப் பின் நூறு வருஷத்துக்கு நாடு முழுவதும் சண்டை. இந்த இரும்புத் தகடுகள் பலவும் அந்தக் காலத்தைச் சேர்ந்தவை. அப்படிப்பட்ட காலத்தில் ஒருவன் இடுப்பில் காளானோடு நடந்திருக்கிறான். புலி இல்லை, இடி இல்லை; இலையுதிர்காலக் காட்டில் பைன் மரத்தடியில் முளைக்கிற, பறித்துக் கொண்டுபோய்ச் சமைக்கிற காளான். செய்தவனா, செய்யச் சொன்னவனா, யாரோ ஒருவன் ஒரு நாள் அதைக் குனிந்து பார்த்திருக்கிறான் என்பதைத் தவிர அந்தத் தகட்டில் வேறு தகவல் இல்லை. நாம் படிமம் என்ற சொல்லை இவ்வளவு காலமாக வைத்துக்கொண்டு சண்டை போடுகிறோமே, எனக்கு அந்தச் சொல் இந்தக் காளானில்தான் தெளிவாயிற்று.

இரும்பிலிருந்து தங்கத்துக்கு வரும்போது கோட்டோ குடும்பம் வருகிறது. இதைப் பற்றி ஒரு பாங்க் குமாஸ்தா கொஞ்சம் அதிகமாகவே எழுதினால் மன்னிக்க வேண்டும். முதல்வர் கோட்டோ யூஜோ (1440–1512), ஷோகுன் அஷிகாகா யோஷிமாசாவிடம் வேலை பார்த்தவர். அவரிலிருந்து மெய்ஜி காலம் வரை பதினேழு தலைமுறைகள், ஆட்சி மாறினாலும் ஆள்கிறவரை விட்டு மாறாமல் இதே வேலை. அவர்களுடைய பிரதான உலோகம் ஷகுடோ. செம்பில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பங்கு தங்கம் சேர்த்து உருக்குவார்கள். செய்து முடித்த பொருளை அரைத்த முள்ளங்கியால் துடைத்து, செம்பு உப்புகள் கரைந்த நீரில் கொதிக்க வைப்பார்கள். தங்கம் சேராத செம்பு அந்த நீரில் பழுப்பாகும். தங்கம் சேர்ந்தது கறுப்பாகும். சாதாரணக் கறுப்பு இல்லை. அண்டங்காக்கையின் இறகில் வெயில் பட்டால் தெரிகிற, ஊதா ஓடுகிற கறுப்பு.

எங்கள் கிளையில் நகைக் கடனுக்கு மதிப்பீடு செய்ய வருகிற ஆசாரியிடம் இதைச் சொன்னேன். உரைகல்லைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “தங்கத்தைப் போட்டுக் கறுப்பாக்குறாங்களா? எதுக்கு சார்?” என்றார். எதற்கு என்று நான் சொன்னது அவருக்குத் திருப்தி அளிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்து, “அந்தக் கறுப்புக்கு மேல தங்கத்துல பூ வைச்சா நல்லா எடுக்கும் சார்” என்றார். அதைத்தான் கோட்டோக்கள் செய்தார்கள். கறுப்புத் தளம் முழுவதும் மீன் முட்டைபோல நுண்ணிய மணிகள். ஒவ்வொரு மணியும் ஒரு தனி உளியடி, வரிசை பிசகாமல். ஒரு அடி பிசகினால் திருத்த வழியில்லை. அதன்மேல் எழும்பி நிற்கிற தங்கச் செவ்வந்தி, மூன்று இலையும் மூன்று பூங்கொத்துமாக பௌலோனியா.

பௌலோனியாவை வேண்டுமென்றே சொன்னேன். சக்கரவர்த்தி தனக்கு வேண்டியவர்களுக்கு அருளிய முத்திரை அது. டொயோட்டோமி ஹிடெயோஷிக்கும் கிடைத்தது. 1588இல் அவர் ஓபான் என்ற பெரிய பொற்காசு வெளியிட விரும்பியபோது வேலை கோட்டோ வீட்டின் ஐந்தாம் தலைமுறை டோகுஜோவிடம் போயிற்று. தட்டி நீட்டிய பொன் தகடு. அதில் பௌலோனியா முத்திரை குத்தி, மதிப்பையும் கோட்டோ என்ற பெயரையும் தூரிகையால் மையில் எழுதினார்கள். பொன்னின்மேல் மை நிற்குமா? அழிந்தால் கோட்டோ வீட்டுக்கே எடுத்துப்போய்க் கட்டணம் கட்டித் திரும்ப எழுதி வாங்க வேண்டும். காசின் மதிப்பு பொன்னில் பாதி, கையெழுத்தில் பாதி என்று ஆயிற்று. இந்த ஏற்பாட்டை எங்கள் மானேஜர் கேள்விப்பட்டால் ரசிப்பார். அதே பட்டறையில் பயின்ற கோட்டோ ஷோசபுரோ, டோகுகாவா இயெயாசுவுக்காக எடோவில் சிறிய பொற்காசுகள் அடிக்கும் அலுவலகத்தை நடத்தினார். அந்த அலுவலகம் இருந்த மனையில்தான் 1896இலிருந்து ஜப்பான் வங்கியின் தலைமைக் கட்டடம் நிற்கிறது. வாளின் பூவும் நாணயத்தின் பூவும் ஒரே வீட்டில் ஒரே உளியில் பிறந்தவை. பூ எப்போது முத்திரையாகிறது என்று கேட்டால், இந்த வீட்டின் கதவிலிருந்து தேட ஆரம்பிக்கலாம். டோகுகாவாக்களின் இலை முத்திரையை வேறு யாரும் தரிக்கக் கூடாது என்றே தடை இருந்தது. ஒரு இலை, மூன்று முறை, ஒரு வட்டத்துக்குள். காட்டில் முளைக்கலாம், இடுப்பில் முளைக்கக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு எரிச்சலையும் பதிவு செய்கிறேன். இந்தச் செடிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அகராதிக்காரர்கள். பைன் என்றால் நீண்ட ஆயுள், மூங்கில் என்றால் வளைந்தும் முறியாமை, பிளம் என்றால் பனியில் பூக்கும் திடம். ஹென்றி ழோலி 1908இல் ஜப்பானியக் கலையின் கதைகளையும் சின்னங்களையும் அகர வரிசையிலேயே அடுக்கி ஒரு பெரிய புத்தகம் போட்டார். உபயோகமான புத்தகம், அதன் சந்ததிதான் சகிக்கவில்லை. உண்மையில் அகராதிக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. ஐரிஸ் பூவுக்கு ஷோபு என்று ஒரு பெயர். வேறு எழுத்தில் எழுதினால் அதே ஒலிக்கு வீரத்தைப் போற்றுதல் என்று அர்த்தம், இன்னொரு எழுத்தில் வெற்றி தோல்வி. கத்தரிக்காய் நாஸு; காரியத்தை முடித்தல் என்பதற்கும் அதே ஒலி. ஓமொடாகா என்ற நீர்ச்செடிக்கு இலை அம்பு முனைபோல இருப்பதால் அது வெற்றிச் செடி. நம் ஊரில் காளமேகத்தைப் பிடித்து உட்கார வைத்தால் ஒரு பகலில் நூறு ட்சுபாவுக்கு விஷயம் கொடுத்துவிடுவார். இது சிலேடை, சிலேடை எந்த மொழியிலும் கெட்டிக்காரத்தனம்தான். அகராதி சொல்லாத ஒன்று இருக்கிறது. ஒரே ஷோபு ஒரு தகட்டில் வெறும் வார்த்தை விளையாட்டாகச் செத்துக் கிடக்கிறது; இன்னொரு தகட்டில் அதன் இலை தண்ணீரிலிருந்து எழும்போது ஒரு பக்கமாகத் திருகி, நுனியில் மடிந்திருக்கிறது. அர்த்தம் இரண்டுக்கும் ஒன்று. மடிந்த நுனியைச் செதுக்கியவன் அர்த்தத்தோடு நிற்கவில்லை, குளக்கரைக்குப் போயிருக்கிறான்.

ஹிகோ என்பது க்யூஷு தீவில் இன்றைய குமமோட்டோப் பகுதி. 1632இல் ஹொசொகாவா குடும்பம் அங்கே அதிகாரத்துக்கு வந்தது. குடும்பத்தின் மூத்தவர் ஹொசொகாவா டடாஓகி (1563–1646), தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவின் நேரடி மாணவர். 1591இல் ஹிடெயோஷியின் கோபத்துக்கு ஆளாகி ரிக்யூ கியோட்டோவை விட்டுப் போனபோது ஆற்றங்கரைக்கு வந்து வழியனுப்பத் துணிந்தவர்கள் இரண்டே பேர் என்பார்கள், ஒருவர் இவர். அழகுணர்ச்சி உள்ளவர் நல்லவராக இருப்பார் என்று நம்புகிறவர்களுக்காக இதையும் சொல்ல வேண்டும். டடாஓகியின் ஒரு வாளுக்குக் கவிவாணர் என்று பொருள்படும் பெயர். முப்பத்தாறு மகாகவிகள் என்று ஜப்பானில் ஒரு பழைய பட்டியல் உண்டு. அந்த வாளால் அவர் வெட்டிக் கொன்ற தன் ஊழியர்களின் எண்ணிக்கையும் முப்பத்தாறு. அதனால் அந்தப் பெயர் என்று மரபு சொல்கிறது. மரபு மிகைப்படுத்தியிருக்கலாம். பெயர் இருக்கிறது, வாளும் இருக்கிறது. கவிதையைப் பற்றிப் பேசும்போது நாம் உபயோகிக்கிற ‘கூர்மை’, ‘வெட்டு’ போன்ற வார்த்தைகளை நான் கொஞ்ச நாளாகக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் குடும்பத்தின் நிழலில் வேலை செய்தவர் ஹயாஷி மடாஷிச்சி (1613–1699). துப்பாக்கி செய்கிற குடும்பம். துப்பாக்கிக் குழலில் தங்கப் பூ பதித்துப் பழகிய கை பிறகு ட்சுபாவுக்கு வந்தது. அவருடைய இரும்பைப் பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் அதன் நிறத்தைத்தான் சொல்கிறார்கள். ஈரமான கறுப்பு. அவர் செய்தவற்றுள் ஒன்று கிழிந்த விசிறியும் உதிர்ந்த செர்ரியும். இரும்பில் தங்கம் பதித்தது. விசிறி என்றால் காகிதம் போய், சட்டங்கள் பிரிந்து, யாரோ மிதித்துவிட்டுப் போனதுபோன்ற விசிறி. அதைச் சுற்றிப் பூக்கள், காம்பில்லாமல், கிளையில்லாமல், தரையில் கிடப்பது போல. மரம் இல்லை. ஆட்கள் இல்லை. பூப் பார்க்க வந்த கூட்டம் சாப்பிட்டுக் குடித்துக் கலைந்த பிறகு மிச்சமிருக்கும் இடம்.

இதில் வீரமரணத்தைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தப் படத்தை எத்தனையோ இரவு திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிவது திருவிழா முடிந்த மறுநாள் காலை. விசிறி கிழிந்திருப்பதால் காற்று அடித்திருக்கிறது என்று தெரிகிறது, காற்று அடித்ததால் பூ உதிர்ந்திருக்கிறது. அல்லது யாரோ விசிறியை வீசியதே பூவை உதிர்க்கத்தானோ என்று தோன்றுகிறது. தகட்டிலிருந்து தங்கத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது நல்ல இரும்பு. வாளுக்கு அது போதும். பார்க்கிற எனக்குப் போதாது. என் பழைய வாக்கியத்தின் முதல் பாதியை, வெளியிலிருந்து ஒட்டப்படும் சரக்கு என்ற பாதியை, இந்தத் தகட்டின் முன்னால் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பிற்பாதி கொஞ்ச காலம் இருக்கட்டும்.

யோகோயா சோமின் (1670–1733) பற்றி நம் மாதிரிப் பத்திரிகைக்காரர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அரசு மானியத்தோடு கோட்டோ பாணியில் வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். மானியத்தை விட்டுவிட்டு எடோ நகரத்தில் வாங்குகிறவர்களை நம்பி வேலை செய்தார். கோட்டோ வீட்டு வேலைக்கு வீட்டுச் செதுக்கு என்றும் இவர் வழி வந்தவர்களுடையதற்கு ஊர்ச் செதுக்கு என்றும் பெயர் நின்றுவிட்டது. மானியத்தை விட்டுச் சந்தாவுக்கு வந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் சந்தா அவருக்கு ஒழுங்காக வந்தது. உளியை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து, தூரிகைக் கோடு தடித்து மெலிவதுபோல உலோகத்தில் கோடு இழுத்தார். ஓவியர் ஹனபுசா இட்சோவின் வரைவுகளை உலோகத்துக்குக் கொண்டுவந்தார். ஒற்றைப் பியோனிப் பூவை மெனுகியாகச் செய்வதில் அவருக்கு இருந்த பெயர் கடைசிவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

மெனுகி இருக்கும் இடத்தை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். கைப்பிடியைச் சுற்றிய நாடாவுக்கு அடியில். நாடாவின் சாய்சதுர இடைவெளிகளில் ஒரு இதழ், ஒரு காம்பு தெரியும். முழுப் பூவையும் பார்க்க வேண்டுமென்றால் நாடாவைப் பிரிக்க வேண்டும். வாளைப் பிடித்தால் அந்த இதழும் கைக்குள் போய்விடும். சிறுகத்தியின் பிடியோ உறையில் உடம்போடு ஒட்டிய பக்கம். இவ்வளவு உழைப்பை மறைவான இடங்களில் வைத்த ஒரு கலையைப் பகட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1638இல் ஷிமபாரா கலகம் அடங்கியதிலிருந்து 1860கள் வரை நாட்டில் பெரிய யுத்தம் எதுவும் இல்லை. இருநூறு வருஷத்துக்கு மேலாக உறையைவிட்டு அவசியத்துக்கு வெளியே வராத வாள்கள். வெட்ட வேண்டிய தேவை குறையக் குறையச் செடி அடர்த்தியாகிக்கொண்டே போயிற்று: அகன்ற சமவெளியில் நிலவுக்குக் கீழே நாணல், நாணலில் தங்கத்தில் பனித்துளி, இலையுதிர்காலப் புற்கள், சுரைக்கொடி, முள்ளங்கி. முள்ளங்கி சாமுராய்க்கு என்ன சொல்லிற்று என்று அகராதிக்காரர்கள்தான் விளக்க வேண்டும்.

1876 மார்ச் 28இல் மெய்ஜி அரசு, ராணுவத்தினரும் காவலர்களும் சில அதிகாரிகளும் தவிர யாரும் பொது இடத்தில் வாள் அணியக் கூடாது என்று உத்தரவிட்டது. ஒரே உத்தரவில் இந்தத் தொழிலுக்கு வாடிக்கையாளர் இல்லாமல் போய்விட்டார்கள். கானோ நட்ஸுஓவுக்கு (1828–1898) அப்போது நாற்பத்தெட்டு வயது. கியோட்டோவில் பிறந்து, உளியோடு ஓவியமும் கற்று, 1854இல் எடோவுக்கு வந்தவர். உத்தரவுக்கு முன்பே அரசு அவரைக் கண்டுபிடித்திருந்தது. 1871இல் ஒசாகாவில் திறந்த நாணயச்சாலைக்கு அச்சுகளை இங்கிலாந்தில் வெட்டுவதாக இருந்தது. நட்ஸுஓவின் மாதிரிகளைப் பார்த்த பிறகு அதற்கு அவசியமில்லை என்று முடிவாயிற்று. யென் நாணயத்தின் டிராகனும், மறுபக்கத்துச் செவ்வந்தியும் பௌலோனியாவும் அவர் மேற்பார்வையில் வந்தவை. கோட்டோ வீட்டில் ஆரம்பித்த சுற்று முடிந்தது என்று சொல்லத் தோன்றுகிறது; ஆனால் கோட்டோவின் ஓபானில் மை அழியும், நட்ஸுஓவின் நாணயத்தை யந்திரம் லட்சக்கணக்கில் ஒன்றுபோல அடித்துத் தள்ளும். 1890இல் டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் உலோகச் செதுக்குக்கு அவரைப் பேராசிரியராக்கினார்கள். பெயரில்லாத மற்றவர்கள் புகையிலைப் பைக்குக் கொக்கி, பெண்களின் இடைக்கச்சைக்கு வில்லை, மேல்நாட்டுக்குப் பூச்சாடி என்று போனார்கள். பழைய அணிகலன்கள் கூடை கூடையாக பாஸ்டனுக்கும் லண்டனுக்கும் கப்பலேறின. என் நண்பர் அனுப்பிய படத்தொகுப்பின் பூர்வ கதை அது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு இனிய சோகக் கட்டுரையாக முடிந்திருக்கும். வாள் அணிகலனின் சரித்திரம் 1876இல் முடியவில்லை. மெய்ஜி ராணுவம் ஐரோப்பியப் பாணிக் கைப்பிடியோடு வாள் வைத்துக்கொண்டது. 1934இல் அதைக் கைவிட்டுப் பழைய உருவத்துக்குத் திரும்பினார்கள். 94ஆம் மாதிரி ராணுவ வாள் என்று பெயர். ட்சுபா, பூண்கள், மெனுகி எல்லாம் உண்டு. எல்லாவற்றிலும் செர்ரிப் பூ. ட்சுபாவில் செர்ரி, கைப்பிடி நாடாவுக்கு அடியில் மூன்று செர்ரி. பட்டறைகள் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்த்தவை. படத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு இதழும் இன்னொரு இதழிலிருந்து வேறுபடாது. மொட்டில்லை, பூச்சி அரித்த ஓரமில்லை, உதிர்ந்தது இல்லை. உதிர வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

செர்ரிக்கும் போர்வீரன் சாவுக்கும் உள்ள சம்பந்தம் ஆதிகாலத்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மலருக்குள் செர்ரி, மனிதருக்குள் வீரன் என்கிற ஜோடிப்பு 1748இல் மேடையேறிய ‘சூஷிங்குரா’ மூலம் பரவியது உண்மைதான். ஆனால் நாட்டுக்காக உதிரும் படைவீரன் என்ற அர்த்தத்தை அந்தப் பூவின்மேல் படிப்படியாக ஏற்றியது மெய்ஜிக்குப் பிந்திய அரசும் பள்ளிக்கூடமும் ராணுவமும் என்பதை எமிகோ ஓநுகி-டியெர்னி என்ற மானுடவியலாளர் 2002இல் வெளியிட்ட நூலில் விஸ்தாரமாகக் காட்டியிருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டுப் பண்டிதர் மோட்டோஓரி நோரினாகா காலை வெயிலில் ஒளிரும் மலைச் செர்ரியைப் பற்றி ஒரு சிறு கவிதை எழுதினார். அதில் சாவே இல்லை. 1944 அக்டோபரில் முதல் தற்கொலை விமானப் பிரிவுகளுக்குப் பெயர் தேவைப்பட்டபோது அந்தக் கவிதையிலிருந்து நான்கு சொற்களைப் பிய்த்து நான்கு பிரிவுகளுக்கு வைத்தார்கள். பிறகு ஓகா என்று ஒரு ஊர்தி; செர்ரிப் பூ என்று அர்த்தம். வெடிமருந்தை முகத்தில் சுமந்து, ஓட்டுபவன் திரும்பி வர வழியில்லாத ஊர்தி. பக்கவாட்டில் ஐந்திதழ் பூ ஒன்றை வரைந்திருந்தார்கள்.

படிமம், குறியீடு என்று நாம் எழுதிய பக்கங்களை அடுக்கினால் என் உயரம் வரும். எந்த விவாதத்திலும் ஒரு கவிதையின் சொற்களை எடுத்துப் பையன்களை அதில் ஏற்றி அனுப்பலாம் என்ற சாத்தியத்தை நாம் கணக்கில் எடுத்ததாக ஞாபகமில்லை. காளானை அப்படிச் செய்ய முடியாது. கிழிந்த விசிறியையும் முடியாது. குறியீட்டை யாரும் எடுத்துக்கொள்ளலாம். அதை உபயோகிக்க, பூவைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

என் பாட்டியின் அண்ணன் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். 1943இல் ஜப்பானியர்கள் அவரைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அங்கே பல்லாயிரம் தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் செத்தார்கள். அவர் திரும்பி வந்தார். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஒரு தடவை மட்டும், “சத்தந்தாண்டா தம்பி ஞாபகம் இருக்கு” என்றார். ஜப்பான்காரன் நடந்து வரும்போது வாளுறை பூட்ஸில் இடிக்கிற சத்தம். ராணுவ வாளின் உறை உலோகம் என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். மர உறையாக இருந்திருந்தால் அந்தச் சத்தம் வந்திருக்காது. வாளில் பூ இருந்ததா என்று அவரைக் கேட்க எனக்கு அப்போது தெரியாது. கேட்டிருந்தாலும் தலை நிமிர்ந்து பார்க்கிற தைரியம் அவருக்கு அங்கே இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

1945இல் சரணடைந்த பிறகு வாள்களையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னார்கள். டோக்கியோவில் அகபானே என்ற இடத்தில் மலைபோலக் குவிந்தன. பெரும்பாலானவற்றை அழித்தார்கள். மிஞ்சியவற்றில் ஒரு பகுதியை 1999இல்தான் அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஜப்பானிய நிபுணர்கள் மன்றாடியதன் பேரில், பழைய முறையில் கையால் அடித்த அலகு கலைப்பொருள், பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம் என்று விதி வந்தது. தொழிற்சாலையில் செய்த ராணுவ அலகுக்கு அந்தச் சலுகை இல்லை. ஜப்பானில் இன்றும் அதை வைத்திருப்பது குற்றம். பதிவுச் சீட்டு அலகுக்கு மட்டும்தான். 94ஆம் மாதிரியின் செர்ரி ட்சுபாவானாலும் சரி, காளான் வெட்டிய பழைய ட்சுபாவானாலும் சரி, சீட்டு வேண்டாம். யார் வேண்டுமானாலும் வாங்கி மேஜைமேல் வைத்துக்கொள்ளலாம். சட்டத்தின் கண்ணில் அது ஆயுதம் இல்லை.